நேற்றைய வடையும் இன்றைய பருவும்

"நேத்து சாயங்காலம் ரெண்டு வடை சாப்பிட்டேன், காலையில பாருங்க, மூக்குப் பக்கத்துல ஒண்ணு கிளம்பிடுச்சு." பருவைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். சில வீட்டில் வடைக்குப் பதில் முட்டை, சில வீட்டில் வேர்க்கடலை, கோடையில் மாம்பழம், கல்லூரி விடுதியில் சாக்லேட். குற்றவாளி மாறுவானே தவிர வாக்கியம் மாறாது. அந்த வடையைவிட அதிகம் உறுத்துவது அதில் இருக்கும் "நேத்து", "காலையில" என்ற இரண்டு சொற்கள்தான். இன்னொரு பக்கம், பல வருடங்களாக மருத்துவர்கள் சொல்லிவந்த பதில்: "சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லம்மா, எதை வேணும்னாலும் சாப்பிடு." இதுவும் தப்பு. வேடிக்கை என்னவென்றால், பாட்டியும் டாக்டரும் சறுக்கியது ஒரே இடத்தில். இரண்டு பேருமே நாள் கணக்கில் கோட்டை விட்டார்கள்.

முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு சின்னக் குழாய். அதன் பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது உண்டாக்கும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். ட்ரைகிளிசரைடு, மெழுகு எஸ்டர், ஸ்குவாலீன் என்ற கொழுப்புப் பொருள்கள் எல்லாம் கலந்த பிசுக்கு அது. குழாயின் உட்சுவரில் செத்துப்போகும் செல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து இந்த எண்ணெயோடு வெளியேறிவிட வேண்டும். வயதுக்கு வரும் காலத்தில் ஆண்ட்ரஜன் ஹார்மோன் ஏறும்போது சுரப்பி பெருத்து எண்ணெய் அதிகமாகிறது, உட்சுவர்ச் செல்களும் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குளியலறை ஜாலியில் முடியும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்து அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். இந்த முதல் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது, தடவினாலும் கைக்குப் படாது. மைக்ரோகொமிடோன் என்பார்கள். வாய் திறந்தபடி வளர்ந்தால் பிளாக்ஹெட். அதன் கறுப்பு அழுக்கு இல்லை, காற்றுப் பட்டுக் கறுத்த கொழுப்பும் நிறமியும். வாய் மூடிக்கொண்டால் வைட்ஹெட். உள்ளே காற்றில்லாத பிசுக்கில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது (2016 வரை இதற்கு ப்ரோபியோனிபாக்டீரியம் என்று பெயர்). கடைசியில் குழாயின் சுவர் விரிசல் விட்டு, உள்ளே இருந்தது தோலுக்குள் கசிய, உடம்பு அதை எதிர்த்துச் சண்டைக்கு வருகிறது. சிவப்பு, வலி, சீழ் எல்லாம் அந்தச் சண்டையின் விளைவு.

கண்ணுக்குத் தெரியாத அடைப்பிலிருந்து கண்ணாடியில் தெரியும் பரு வரை சுமார் எட்டு வாரம் ஆகும் என்பது தோல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வைகாசியில் எழும்பிய பருவுக்குப் பங்குனியில் தின்றதைத்தான் விசாரிக்க வேண்டும். கடைசிக் கட்டம் மட்டும் வேகமானது. ஏற்கெனவே அடைபட்டிருக்கும் துளை ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக வீங்கிக்கொள்ளலாம். நகத்தால் கிள்ளினால் வீங்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பல பெண்களுக்குத் தானாகவே வீங்கும். அந்த வாரத்தில்தான் பலருக்கு இனிப்பின் மேல் ஆசையும் வரும். சாக்லேட்டும் பருவும் ஒரே வாரத்தில் வந்துநிற்க, பழி சாக்லேட் மேல் விழுகிறது.

எட்டு வாரத்தில் உருவாகும் பரு, வெளியே தெரிந்த பிறகு வாழ்வது ஐந்திலிருந்து பத்து நாள்தான். சாதாரணச் சிவப்புப் பரு யார் தயவும் இல்லாமல் தானே அடங்கிவிடும். மூன்றாம் நாள் பொறுமையிழந்து டூத்பேஸ்ட் வைக்கிறோம், ஏழாம் நாள் அமுங்குகிறது, பேர் பேஸ்ட்டுக்குப் போகிறது. எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஜாதிக்காய் என்று எதை வைத்தாலும் இந்த ஏழாம் நாள் வெற்றி நிச்சயம். நம் ஊரில் பருவுக்கு ஆயிரம் வைத்தியம் புழங்குவதற்கும், ஆயிரமும் பலிப்பதாகத் தோன்றுவதற்கும் இதைத் தாண்டி பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

சூடு

"வேணாம்டி, அது சூடு." இந்த மூன்று சொல்லால் தடுக்கப்படாத பெண் பிள்ளை தமிழ்நாட்டில் குறைவு. மாம்பழம், பப்பாளி, முட்டை, கோழி, கத்திரிக்காய், எள், வேர்க்கடலை எல்லாம் சூட்டுப் பட்டியலில் இருப்பவை. இதைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பமில்லை. சாப்பாடு தோலைத் தொடும் என்ற அடிப்படை ஊகம் சரியானது, மருத்துவம் அதை ஒத்துக்கொள்ளத்தான் நாளாயிற்று. பட்டியலில்தான் கோளாறு. மாம்பழம் பழுக்கும் மாதத்தில் வெயில் உச்சத்தில் இருக்கிறது, வியர்வை வழிகிறது. அந்த வியர்வையிலும் எண்ணெயிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருத்து, நெற்றியிலும் முதுகிலும் நெஞ்சிலும் பரு போலவே பொரிப்பொரியாகக் கிளம்பும். எல்லாம் ஒரே அளவில் இருந்து, அரிப்பும் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு பருவுக்கான ஆன்டிபயாட்டிக் தின்றால் கூடத்தான் செய்யும், பூஞ்சை மருந்துதான் கேட்கும். வியர்க்குருவும் அதே மாதத்தில்தான் வருகிறது. இத்தனையும் சேர்ந்து மாம்பழத்தின் தலையில் விடிகிறது. 120 கிராம் மாம்பழத் துண்டில் ஏறக்குறைய 18 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒரு கப், அதாவது 150 கிராம் வெள்ளைச் சோற்றில் 40 கிராமுக்கு மேல். சோற்றை மூன்று வேளை போட்டுவிட்டு மாம்பழத் துண்டைப் பிடுங்குகிறோம். மாம்பழ மில்க்ஷேக் என்றால் வழக்கு வேறு, அதற்கு வருகிறேன்.

வடை விஷயத்தையும் முடித்துவிடலாம். உணவில் இருக்கும் எண்ணெய் ரத்தத்தில் மிதந்து வந்து முகத்தில் கசிவதில்லை. சீபத்தைச் சுரப்பி தானே தயாரிக்கிறது. உளுந்து வடையில் பெரும்பங்கு பருப்பு, ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிற பொருள். கொதிக்கும் சட்டியின் முன் நாள் முழுக்க நின்று எண்ணெய் ஆவியை முகத்தில் வாங்கிக்கொள்கிறவருக்கு அந்தப் படலத்தால் துளை அடைத்துப் பரு வருவது தொழில்சார் தோல் நோய்களில் பதிவான விஷயம். ஆக, வடை தின்கிறவரைவிட வடை போடுகிறவர்தான் பயப்பட வேண்டும். தின்கிறவர் கவனிக்க வேண்டியது வடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் டீ கிளாஸை.

சாக்லேட்டை விடுவித்த நாலு வாரம்

"சம்பந்தமே இல்லை" என்ற மருத்துவர் வாக்கு எங்கிருந்து வந்தது? 1969இல் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் என்ற மூவர் அமெரிக்காவில் நடத்திய சோதனை அதன் பெரிய தூண். பருவுள்ள 65 பேர். பதின்வயதுப் பிள்ளைகளும் சிறைக் கைதிகளும். ஒரு சுற்றில் நாலு வாரம் தினமும் ஒரு சாக்லேட் பார், அதில் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு சாக்லேட். இன்னொரு சுற்றில் நாலு வாரம் பார்க்க அதே போல இருக்கும், சாக்லேட் இல்லாத பார். பருக்களை எண்ணினார்கள். வித்தியாசமில்லை. சாக்லேட் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்டன, அதன்பின் முப்பது வருடம் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

இரண்டு ஓட்டை. சாக்லேட் இல்லாத அந்தப் பாரிலும் சர்க்கரை இருந்தது, சாக்லேட்டின் கொழுப்புக்கு ஈடாகத் தாவரக் கொழுப்பும் சேர்த்திருந்தார்கள். கோகோவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒப்பிட்டால், கோகோ குற்றவாளியா என்று மட்டும்தான் தெரியும். சர்க்கரை குற்றவாளியா என்று தெரியாது. அதைவிடப் பெரிய ஓட்டை காலம். எட்டு வாரம் எடுத்து உருவாகும் ஒன்றை நாலு வாரத்தில் எண்ணி முடித்துவிட்டார்கள். அவர்கள் எண்ணிய பருக்களில் பெரும்பாலானவை முதல் பாரைப் பிரிப்பதற்கு முன்பே அடைப்பாகக் காத்திருந்தவை. "நேத்து வடை, இன்னைக்கு பரு" என்கிற அதே அவசரம்தான், ஆய்வுக்கூட அங்கி மாட்டிக்கொண்டு வந்தது. சோதனைக்குச் சாக்லேட் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆதரவு இருந்ததைப் பலரும் சுட்டிக்காட்டுவார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். காசு யார் கொடுத்திருந்தாலும் நாலு வாரம் போதாது. இதே கிளிக்மன்தான் ட்ரெட்டினாயினைப் பருவுக்கு மருந்தாகக் கொண்டுவந்தவரும் ஆவார், அந்த மருந்து வேலை காட்டவும் மாதக்கணக்கில் ஆகும்.

திருப்பம் 2002இல் வந்தது. பாப்புவா நியூ கினியாவின் கிட்டாவா தீவில் 1200 பேரை ஒரு மருத்துவர் பரிசோதித்திருந்தார். 15 முதல் 25 வயது வரை இருந்தவர்களே 300 பேர். ஒருவர் முகத்திலும் ஒரு பரு இல்லை. பராகுவேயின் ஆச்சே பழங்குடியினர் 115 பேரிடமும் இல்லை. ஆய்வாளர் லோரன் கோர்டெயினும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டபோது தோல் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கிட்டாவாக்காரர்கள் மாவுச்சத்தை ஒதுக்கியவர்கள் அல்லர். கிழங்கும் பழமும்தான் பிரதான உணவு, கூட மீனும் தேங்காயும். அவர்கள் தட்டில் இல்லாதவை தீட்டிய தானியம், சர்க்கரை, பால். இதில் மரபின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வால் பிரிக்க முடியாது. பிரிட்டனில் பெண் இரட்டையரை வைத்து அதே 2002இல் வெளியான ஆய்வு, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பருவில் உள்ள வேறுபாட்டில் 81 சதவீதம் மரபால் என்றது. அம்மா அப்பா முகத்தில் குழி இருந்தால் பிள்ளை வெறும் உணவால் தப்பிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பிரித்துப் பார்க்கும் சோதனை 2007இல் மெல்பர்னிலிருந்து வந்தது. 15 முதல் 25 வயது ஆண்கள் 43 பேர், பன்னிரண்டு வாரம். ஒரு குழுவுக்குப் புரதம் கூடுதலாகவும் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தாகவும் உணவு, மற்ற குழுவுக்கு வழக்கமான சாப்பாடு. முதல் குழுவில் சராசரியாக 23.5 பரு குறைந்தது. இரண்டாம் குழுவில் 12. சும்மா இருந்த குழுவிலும் 12 குறைந்ததைக் கவனியுங்கள். எதுவும் செய்யாமலேயே பரு ஏறி இறங்கும், டூத்பேஸ்ட் வாழ்வது அதில்தான். முதல் குழு சராசரியாக மூன்று கிலோவும் இளைத்தது, எனவே புண்ணியம் உணவுக்கா எடைக்கா என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. 2012இல் கொரியாவில் 32 பேரை வைத்துப் பத்து வாரம் செய்த சோதனையில் தோலைத் துளி வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். எண்ணெய்ச் சுரப்பியே சிறுத்திருந்தது. இதெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 2024 வழிகாட்டியில்கூட உணவு முறையைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. என் கணிப்பு: உணவு பருவை உண்டாக்குவதில்லை, இருக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுகிறது. விறகை இழுத்தால் தீ தணியும், அணையாது.

விறகு தள்ளப்படும் வழி இது. ரத்தத்தில் சர்க்கரை சடாரென ஏறினால் இன்சுலின் ஏறுகிறது, இன்சுலின் ஏறினால் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் கை ஓங்குகிறது. இரண்டும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டி, ஆண்ட்ரஜனின் வேலையையும் கூட்டுகின்றன. பிறவியிலேயே ஐஜிஎஃப்-1 மிகக் குறைவாக இருக்கும் லாரான் நோயாளிகளுக்குப் பரு வருவது அரிது. சிகிச்சையாக அளவு மீறி ஐஜிஎஃப்-1 கொடுத்தபோது சிலருக்குப் பரு எட்டிப் பார்த்தது. சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு, அதாவது பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு, தாடையோரம் விடாமல் பரு வருவதற்குப் பின்னாலும் பெரும்பாலும் இதே இன்சுலின்தான் நிற்கிறது. மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறது, தாடையில் கறுத்த முடி வளர்கிறது, கூடவே பரு என்றால், கிரீம் மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஹார்மோன் பரிசோதனைக்குப் போவது நல்லது.

சோறு, டீ, பவுடர்

அடுக்களைக்கு வருவோம். உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பது கிளைசெமிக் இன்டெக்ஸ். அதை அந்தத் தட்டில் உள்ள மாவுச்சத்து கிராமால் பெருக்கி நூறால் வகுத்தால் கிளைசெமிக் லோட். இருபதுக்கு மேல் போனால் கூடுதல். இன்டெக்ஸ் 70 உள்ள வெள்ளைச் சோறு ஒரு கப் சாப்பிட்டால் 30ஐ ஒட்டி வரும். நம் மதியத் தட்டில் ஒரு கப்போடு யார் நிறுத்துகிறார்கள்? சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. சோற்றை விட்டுவிடச் சொன்னால் நாலாம் நாள் தோற்றுவிடுவோம். மூன்று தடவையை இரண்டாக்கி, அந்த இடத்தில் ஒரு கரண்டி பொரியலுக்குப் பதில் ஒரு கிண்ணம் கூட்டோ சுண்டலோ முட்டையோ வைப்பது நிற்கும். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மெதுவாகச் செரிக்கும். அரைத்து மாவாக்கியது முழுசாக இருப்பதைவிட வேகமாக ஏறும், அதனால்தான் எண்ணெயே இல்லாத இட்லியும் நாம் நினைக்கும் அளவுக்குச் சாது இல்லை, நைசாக அரைத்த கேழ்வரகுக் கஞ்சியும் இல்லை. நாலு இட்லியை மூன்றாக்கி, சாம்பாரில் காய் கெட்டியாகப் போட்டால் போதும். ஜவ்வரிசி, மைதா பரோட்டா, பேக்கரி பப்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டீதான் பெரிய ஒளிவிடம். ஒரு ஸ்பூன் சர்க்கரை நாலிலிருந்து ஐந்து கிராம். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு கிளாஸ் என்றால் கிட்டத்தட்ட 35 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்க, எல்லா உணவிலும் சேர்த்து, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. டீக்கே அது போய்விட்டது, தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தினால் டீ கஷாயமாகத் தெரியும், மறுநாளே பழையபடி போடுவோம். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொண்டு நிம்மதியடைபவர்கள் நிறைய. இன்சுலின் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக மதிப்பதில்லை.

பாலைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே சிரமம். 2005இல் அமெரிக்கச் செவிலியர் 47,355 பேரிடம் அவர்கள் பள்ளி நாள் உணவைக் கேட்டு எழுதிய ஆய்வில், பால் அதிகம் குடித்தவர்களுக்குப் பரு கூடுதலாக இருந்தது. ஆடை நீக்கிய பாலில் தொடர்பு இன்னும் பலமாக இருந்தது. கொழுப்புதான் வில்லன் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பாலின் புரதங்களே இன்சுலினையும் ஐஜிஎஃப்-1ஐயும் ஏற்றுகின்றன என்பதுதான் இப்போதைய விளக்கம். இது நினைவிலிருந்து சொன்ன பதில்களை வைத்த ஆய்வு, தீர்ப்பாக எடுக்கக் கூடாது. தயிர், மோர் மீது இந்த அளவுக்குச் சாட்சி இல்லை. டீக்கு ஊற்றும் பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ராத்திரி ஒரு பெரிய டம்ளர் பால், அதில் இரண்டு ஸ்பூன் மால்ட் பவுடர், மேலே சர்க்கரை என்று வளரும் பிள்ளைக்குக் கொடுப்பதைத்தான் முதலில் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் இவற்றை விற்கக் கூடாதென்று இணையக் கடைகளுக்கு 2024 ஏப்ரலில் மத்திய அரசே சொல்லிவிட்டது. டப்பாவைத் திருப்பி, 'கூட்டிய சர்க்கரை' என்ற வரியில் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். மாம்பழ மில்க்ஷேக் இந்த இரண்டு குற்றத்தையும் ஒரே கிளாஸில் செய்கிறது.

ஜிம்முக்குப் போகும் பையன்களுக்கு ஒரு குறிப்பு. மார்பிலும் முதுகிலும் திடீரென்று பரு வெடித்தால், எப்போது வே புரோட்டீன் ஆரம்பித்தீர்கள் என்று பாருங்கள். பாலில் இன்சுலினை அதிகம் தூண்டும் பகுதியைப் பிழிந்து பவுடராக்கியதுதான் அது. முட்டை, கோழி, பட்டாணிப் புரதம் என்று மாறி மூன்று மாதம் பார்க்கலாம். வாய்ப்புண்ணுக்கும் அசதிக்கும் தானே வாங்கிப் போட்டுக்கொள்ளும் பி-12 மாத்திரை, ஊசியும் சிலருக்கு ஒரே அளவிலான பருக்களைக் கிளப்பும். உண்மையிலேயே குறைபாடு இருந்து மருத்துவர் கொடுத்ததென்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர் நிறையக் குடித்தால் பரு போகும் என்பதற்கும், ரத்தம் சுத்தமில்லாததால் வருகிறது என்பதற்கும் ஆதாரமில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், ரத்தச் சுத்தி டானிக் காசை மிச்சம் பிடியுங்கள்.

தலையில் வைத்த எண்ணெய்

நெற்றி, பொட்டுப் பக்கம், காதோரம் என்று முடி எல்லையை ஒட்டியே சின்னச் சின்ன மூடிய பருக்கள் வரிசை கட்டினால், தட்டை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். தலைக்குத் தடவும் பிசுக்கால் வரும் இந்தப் பருவுக்கு 1970லேயே 'போமேட் ஆக்னி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேங்காயெண்ணெய் முடிக்கு எவ்வளவு நல்லதோ, பரு வரும் முகத்துக்கு அவ்வளவு ஆகாது. தலைக்கு வைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ராத்திரி தேய்த்துக்கொண்டு படுத்தால் எண்ணெய் தலையணைக்கும் அங்கிருந்து கன்னத்துக்கும் போகும். காலையில் தேய்த்து, ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள். முன்நெற்றி முடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஆரம்பியுங்கள். குளிக்கும்போது தலையை முதலில் அலசி, முகத்தையும் முதுகையும் கடைசியில் கழுவ வேண்டும். பலர் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கண்டிஷனர் முதுகில் வழிந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

முகம் கழுவுவது நாளைக்கு இரண்டு தடவை, வியர்த்து வந்தால் ஒரு தடவை கூடுதல். ஐந்தாறு தடவை கழுவினால் எண்ணெய் போகாது, தோலின் காப்புப் படலம்தான் போகும். தோலின் பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், ஐந்தை ஒட்டி இருக்கும், குளியல் சோப்பு ஒன்பது பத்தில் இருக்கும். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அதனால் முகத்துக்கு மென்மையான கிளென்சர். கைவிரலால் அரை நிமிடம், நார், ஸ்கிரப் வேண்டாம். பிறகு துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். எலுமிச்சையின் பிஹெச் இரண்டு. அதைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுப்புப் பட்டையாக மாதக்கணக்கில் நிற்கும். முல்தானி மிட்டியைப் பாளம்பாளமாக வெடிக்க விட்டு உரித்தெடுப்பதும் காயம்தான், பாதி ஈரத்தில் கழுவிவிடுங்கள். ஹெல்மெட்டின் உள்துணி, தாடைப் பட்டை உரசும் இடத்திலும் பரு வரும். உள்ளே பருத்தித் துணி கட்டி, அதை அடிக்கடி துவையுங்கள்.

தூக்கமும் கவலையும் பற்றிப் பொதுவாக ஆளாளுக்குப் பேசுவதுண்டு. 2003இல் ஸ்டான்ஃபோர்டில் 22 மாணவர்களைத் தேர்வில்லாத நாளிலும் தேர்வு நாளிலும் பார்த்து ஒப்பிட்டதில், தேர்வுப் பதற்றம் கூடியவர்களுக்குப் பருவும் கூடியிருந்தது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையிடம் "கவலைப்படாதே" என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கிள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், படிக்கும்போது கை தானாகத் தாடைக்குப் போகும்.

பரு இல்லாத இடத்தில் தடவும் மருந்து

எட்டு வாரக் கணக்கு புரிந்தால் மருந்து தடவும் முறையும் மாறிவிடும். கண்ணில் பட்ட பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதுதான் எல்லோர் வழக்கமும். அந்தப் பரு எப்படியும் ஒரு வாரத்தில் போகப்போகிறது. அடுத்த இரண்டு மாதத்துப் பருக்கள் இப்போது பளிச்சென்று தெரியும் தோலுக்கடியில் இருக்கின்றன. அடாபலீன் 0.1 சதவீத ஜெல் போன்றவை அந்த அடைப்பையே உருவாகாமல் தடுப்பவை, அதனால் பரு வரும் பகுதி முழுக்கத் தடவ வேண்டும். முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ராத்திரியில் ஒரு பட்டாணி அளவு. அதை நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று நாலு புள்ளியாக வைத்துப் பரப்ப வேண்டும். கண்ணிமை, மூக்கோரம், உதட்டோரம் விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் மருந்து. பகலில் சன்ஸ்கிரீன். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது. பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு என்றால் 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் எரிச்சலைத்தான் கூட்டும். அது பட்ட துண்டும் தலையணை உறையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் தோல் உரியும், உள்ளே இருந்த அடைப்புகள் சிலது மேலே வந்து பரு கூடினது போலவும் இருக்கும். "இது எனக்கு ஒத்துக்கல" என்று பெரும்பாலோர் டியூபைத் தூக்கிப் போடுவது அப்போதுதான். போட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் "முகத்துக்கு நல்ல கிரீம் ஒண்ணு" கேட்கிறார்கள். சில சமயம் கைக்கு வருவது பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டாசால் கலந்த ஸ்டீராய்டு கிரீம். மூன்றே நாளில் சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்குவார். இரண்டு மூன்று மாதத்தில் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும், கன்னத்தில் பூனை முடி வளரும், நிறுத்தினால் முகமே பற்றி எரிவது போல ஒரே அளவில் பரு வெடிக்கும். இதற்கு ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008இல் தனிப் பெயர் வைத்தார்கள். 2018இல் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குப் போயின. டியூபின் பொடி எழுத்தில் 'சோன்', 'சால்' என்று முடியும் பெயர் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசுகிறவர் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவர் மேற்பார்வையில் குறைப்பதுதான் சரி. தோலுக்கடியில் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற உருண்டைகள் வந்தாலோ, ஒரு குழித் தழும்பு விழுந்துவிட்டாலோ உணவுச் சோதனைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. குழி விழுந்தது விழுந்ததுதான்.

மற்றவர்கள் சோதிக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்று. டீச் சர்க்கரையை அல்லது பாலில் கலக்கும் மால்ட் பவுடரை அல்லது வே புரோட்டீனை, ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். காலண்டரில் அன்றைய தேதியையும் பன்னிரண்டு வாரம் கழித்து வரும் தேதியையும் வட்டமிடுங்கள். காலையில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் நேர், இடம், வலம் என்று மூன்று போட்டோ. பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, இரண்டாவது படத்தைச் சுழற்சியின் அதே நாளில் எடுக்க வேண்டும். சிவந்து எழும்பியவற்றை மட்டும் எண்ணுங்கள். பழுப்பாகத் தட்டையாக இருப்பது ஆறிய பருவின் கறை, நம் நிறத்துக்கு அது மங்க ஆறு மாதம்கூட ஆகும், அதைச் சேர்த்தால் கணக்குத் தப்பும். இடைப்பட்ட பன்னிரண்டு வாரத்தில் எப்போதாவது ஒருநாள் காலையில் மூக்குப் பக்கம் ஒன்று கிளம்பத்தான் செய்யும். முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசிக்காதீர்கள்.